சாக்பீஸ் திருடிய பெரியநாயகி

எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை. குரும்பகரத்தில் எங்கள் தெரு முனையோடு மீன் கூடை திரும்பிப் போய்விடும். எனக்கோ வறுத்த நெத்திலி என்றால் உயிர். நடந்ததற்கெல்லாம் தொடக்கம் அதுதான் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா.

எங்கள் பட்டமளிப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்துவிட்டுப் பிரான்சுக்குத் திரும்பிய நீங்கள், மறக்காமல் ஜெயப்ரியாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் பெரியநாயகியின் நினைவாக ஒரு வாசிப்பறை கட்டப் போவதாகவும், வாசலில் பதிக்க அவளுடைய புகைப்படம் ஒன்று வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஜெயப்ரியா அந்தக் கடிதத்தை என் மடியில் போட்டு, "ஆரம்பிச்சவ நீ. நீயே பதில் எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதனால் உமாமகேஸ்வரி ஆகிய நான் எழுதுகிறேன்.

பெரியநாயகி காய்ச்சலில் இறக்கவில்லை. அவளைக் கொன்றது நான். பதற வேண்டாம். அங்கே குளிர் வேறு. ஒரு கோப்பை தேநீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

பி.எட். படிப்பில் பாடம் நடத்துவதைவிட ரெக்கார்டு எழுதுவதுதான் அதிகம். அதில் ஒன்று தனியாள் ஆய்வு. பயிற்சிக்குப் போகும் பள்ளியில் பிரச்சினையுள்ள ஒரு குழந்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதோடு பேசிப் பழகி, காரணத்தை அறிந்து, திருத்தி, இருபது பக்கம் எழுத வேண்டும். திருத்தாமல் விட்டால் மதிப்பெண் குறையும். நாற்பது நாளில் திருந்துகிற பிரச்சினையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எங்கள் பொறுப்பு.

ஜெயப்ரியா இதை நம்பி நேர்மையாகச் செய்தாள். அவள் திருவேட்டக்குடி. அப்பா அம்பலவாணன் கடலுக்குப் போகிறவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். படிப்பு முடியும் முன்பே ஒரு பள்ளியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்; பட்டத்தைக் காட்டினால் ஜூனில் சேர்ந்துவிடலாம். அவள் ஒரு குழந்தையோடு மூன்று வாரம் பேசிவிட்டு அரைப் பக்கம் எழுதினாள். 'குழந்தை நன்றாக இருக்கிறது. பிரச்சினை ஒன்றும் இல்லை.' உளவியல் விரிவுரையாளர் தெட்சிணாமூர்த்தி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பிரச்சினை இல்லாத புள்ளைய எதுக்கும்மா ஆய்வு பண்றே? திங்கக்கிழமைக்குள்ள ஒழுங்கா எழுதிக் குடு. இல்லேன்னா ரிசல்ட்டு நிக்கும்."

அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

"ஏண்டி உமா, நல்லா இருக்கற புள்ளைக்கு நான் எங்கேர்ந்து பிரச்சினையக் கொண்டு வர்றது?"

"டிபன் பாக்ஸ்ல என்ன?"

"நெத்திலி."

"தள்ளு இங்க. பிரச்சினைய நான் கொண்டு வர்றேன்."

பெரியநாயகி பிறந்தது அப்படித்தான். ஏழாம் வகுப்பு. இடது கைப் பழக்கம். கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். இவ்வளவு பெரிய பெயரை யாரோ பெரியவருக்கு உரியது என்று நினைத்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய பிரச்சினை திருட்டு. வகுப்பிலிருந்து சாக்பீஸ் துண்டுகளைத் திருடிக்கொண்டு போய், கரையில் ஏற்றிக் கவிழ்த்திருக்கும் படகுகளின் அடியில் தவழ்ந்து நுழைந்து, அன்றைய பாடத்தை உள்பக்கம் முழுக்க எழுதி வைப்பாள். கடலுக்குப் போகிறவர்களுக்கும் பாடம் தெரிய வேண்டும் அல்லவா.

நான் நிறைய வாசிப்பேன். நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் இருக்கும் அலமாரியைப் பூட்டும்போது உள்ளே நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார்கள். அந்த வாசனை எழுத்திலும் வந்துவிடுகிறது. முதல் பிரதியில் பெரியநாயகி கம்பளிக் கையுறை அணிந்திருந்தாள். பங்குனி வெயிலில் யார் கையுறை போடுவார்கள் என்று பிறகு அடித்துவிட்டேன்.

ஜெயப்ரியா படித்துப் பார்த்துச் சிரித்தாள். "ஏண்டி, ஃபைபர் போட்டுல சாக்பீஸ் ஒட்டுமாடி?"

"அப்ப கட்டுமரம்னு மாத்திடறேன்."

"கட்டுமரத்துக்கு அடியில எங்கடி நுழையறது? நாலு கட்டைய வரிஞ்சு கட்டுனதுடி அது! நீயெல்லாம் கடலப் பாத்திருக்கியா?"

படகையே வைத்துக்கொண்டு, சாக்பீஸை எச்சிலில் தொட்டு எழுதுகிறாள் என்று மாற்றினேன். அந்த வரி வந்த பிறகு அவள் உண்மையாகிவிட்டாள். கடைசிப் பக்கத்தில், பாடநூல் சொல்கிறபடி, சாக்பீஸ் பெட்டிக்கு அவளையே பொறுப்பாக்கினேன். திருட்டு நின்றது. ஜெயப்ரியா தன் கையெழுத்தில் பிரதி எடுத்தாள். எடுத்து முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

செய்தி பரவிவிட்டது. எங்கள் வகுப்பு மெஹர் பானு கொண்டுவந்த தித்திப்பான வட்டலாப்பத்துக்காகப் பொய் மட்டுமே பேசும் இரட்டையர்களை எழுதினேன். ஒருத்தியின் எலுமிச்சைச் சாதத்துக்குத் தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்கிற ஒரு பெண். மொத்தம் இருபத்து நான்கு ரெக்கார்டுகள். அந்த இரண்டு மாதத்தில் எனக்கு உடம்பு சற்றுப் பூசினாற்போல் ஆனது.

ஒவ்வொரு ரெக்கார்டிலும் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர் உத்திராபதி ஒரு கையில் வடையும் மறு கையில் பேனாவுமாக இருபத்து நான்கிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். தெட்சிணாமூர்த்தி சாரிடம் அதற்கென்றே ஒரு ரப்பர் முத்திரை உண்டு: 'குழந்தையை நேரில் கண்டு சரிபார்க்கப்பட்டது.' பெரியநாயகியின் பக்கத்தில் அது கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. அவ்வளவுதான்.

அதில் ஒன்றைச் சிறந்த ஆய்வு என்று தேர்ந்தெடுத்து விழாவில் பரிசு கொடுப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. நீங்கள் அதை விடுதியில் இரண்டு முறை படித்துவிட்டு வருவீர்கள் என்பதும் தெரியாது.

விழா உங்களுக்கு நினைவிருக்கும். வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கிகளில் அந்துருண்டை வாசனை. எனக்குக் கிடைத்தது இரண்டு ஆள் நுழைகிற அளவு. ஜெயப்ரியாவின் அப்பா மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் ஐந்தாம் வரிசையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பட்டம் கொடுப்பதற்கு முன்பு பரிசு. "பிரான்சு வாழ் காரைக்கால் மைந்தர் முத்து முகம்மது அவர்கள்" என்று உங்களை அழைத்தார்கள். நீங்கள் படகுப் பகுதியை ஒலிபெருக்கியில் வாசித்தீர்கள். என் வாக்கியங்கள் இன்னொருவர் குரலில் அத்தனை பெரிய கூடத்தை நிறைத்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. எச்சில் வரியில் உங்கள் குரல் உடைந்தது. சரியான இடத்தில் உடைந்தது.

பிறகு சொன்னீர்கள்: "அந்தப் புள்ளைய நான் பாக்கணும். இங்கேயே காத்திருக்கேன். அழைச்சுட்டு வாங்க. அது எவ்வளவு படிக்குதோ அவ்வளவும் என் பொறுப்பு."

முன்வரிசையில் இருந்த உத்திராபதி எழுந்தார். இல்லை என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். தன் கையெழுத்து இருக்கிற தாளை எப்படி இல்லை என்பார்? "நம்ம புள்ளைதாங்க. மூணாவது பெஞ்சு. வண்டி அனுப்பினீங்கன்னா அரை மணி நேரத்துல வந்துடும்" என்றார். தெட்சிணாமூர்த்தி சார் விட்டுக்கொடுக்கவில்லை. "நானே நேர்ல பேசியிருக்கேங்க. கூச்ச சுபாவம். கொஞ்சம் அன்பாக் கூப்பிடணும்." கூடத்துக்கு வெளியே கார் கிளப்பும் சத்தம் கேட்டது.

அப்போதுதான், பரிசு வாங்க மேடையேறியிருந்த ஜெயப்ரியா ஒலிபெருக்கியைப் பிடித்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். அரைப் பக்கத்தில் 'பிரச்சினை ஒன்றும் இல்லை' என்று எழுதிய முகம்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. அப்படி ஒரு புள்ளை..."

அதற்கு மேல் அவளைப் போகவிட்டிருந்தால் என்ன ஆகும்? பட்டம் போகும். ஜூன் மாத வேலை போகும். ஐந்தாம் வரிசையில் இருப்பவர் அந்தப் புதுச் சட்டையோடு எப்படி வீட்டுக்கு நடப்பார்? இதையெல்லாம் நினைத்துத்தான் நான் எழுந்து நின்றேன். அங்கி காலில் தட்டியது. நிதானமாகவே சொன்னேன்.

"இனிமே வராதுங்கய்யா. போன வாரம் காய்ச்சல்ல தவறிடுச்சு. ஜெயப்ரியாவால அதச் சொல்ல முடியல."

கூடம் முழுக்க எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றது. நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். உத்திராபதி பக்கத்தில் இருந்தவரிடம், "பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு விட்டோங்க" என்றார். தெட்சிணாமூர்த்தி சார், "கடைசியா என்கிட்டதான் சாக்பீஸ் கேட்டுச்சு" என்றார். சரிபார்த்தவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது நான் ஒருத்தி மறுக்க என்ன இருக்கிறது? ஜெயப்ரியா பட்டத்தை வாங்கினாள். அழுகை நிற்கவில்லை. எல்லோரும் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

படியிறங்கும்போது கேட்டாள். "ஏண்டி கொன்னே?"

"உனக்காகத்தாண்டி."

"நான் எனக்காக உண்மையச் சொல்ல வந்தேன். பட்டம் போனாப் போகுதுன்னுதான் வாயத் தொறந்தேன். நீ யாருக்காக எந்திரிச்சே?"

நான் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இவ்வளவு தூரம் எழுதிவிட்டதால் உங்களிடம் சொல்கிறேன். 'அப்படி ஒரு புள்ளையே கிடையாது' என்று அத்தனை பேர் முன்னால் அவள் சொல்லப் போனாள். பெரியநாயகி உயிரோடு இல்லை என்பதை நான் தாங்கிக்கொள்வேன். அவள் இருந்ததே இல்லை என்று ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்வதை எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது? இறந்தவர்கள் ஒருகாலத்தில் இருந்தவர்கள். இது நியாயம் என்றுதான் எனக்கு இப்போதும் படுகிறது.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. அம்பலவாணன் மாமா கடற்கரைக்காரர். சிறு பிள்ளை போய்விட்ட வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகாமல் அவரால் இருக்க முடியாது. மறுநாள் கடலுக்குப் போகவில்லை. அந்த வீட்டைத் தேடி, கரையோடு மூன்று ஊர் நடந்திருக்கிறார். எங்கேயும் பிள்ளை சாகவில்லை என்றதும் திரும்பி வந்து, "எந்த வீடும்மா அது? பாவம், அவங்களுக்கு யாருமே போகலையோ என்னமோ" என்று மகளைக் கேட்டிருக்கிறார். ஜெயப்ரியா என்னிடம் ஓடி வந்தாள். அந்தப் பிள்ளை வீட்டார் நாகப்பட்டினத்தில் சொந்தக்காரர்கள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள் என்று சொல்லச் சொன்னேன். இந்த உதவியையும் நான்தான் செய்தேன். அவள் அப்படியே சொன்னாளாம். அப்பாவிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான் என்றாள். அன்றோடு என்னிடம் டிபன் பாக்ஸை நீட்டுவதை நிறுத்திவிட்டாள். இப்போது வேலைக்குப் போகிறாள். நன்றாகப் பாடம் நடத்துகிறாளாம். கரும்பலகையில் எழுதும்போது மட்டும் சாக்பீஸ் உடைந்து உடைந்து விழுகிறது என்று மெஹர் பானு சொன்னாள். நாகப்பட்டினம் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் மாமா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆக, குற்றம் என்னுடையது. ரெக்கார்டை எழுதியவள் நான், பெண்ணை உண்டாக்கியவள் நான், கொன்றவளும் நான். ஜெயப்ரியா பிரதி எடுத்தாள், அவ்வளவுதான். அவளுக்கு இனி எழுதாதீர்கள். வாசிப்பறையைக் கட்டுங்கள், அங்கே இருக்கிற பிள்ளைகள் உண்மையானவர்கள், புத்தகம் தேவைப்படுகிறவர்கள். மற்ற இருபத்து மூன்று ரெக்கார்டுகளைப் பற்றியும் தயவுசெய்து யாரிடமும் கேட்க வேண்டாம். அந்தப் பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள். யாராவது நேரில் பார்க்க வேண்டும் என்று கிளம்பினால் எனக்கு வேறு வழி இருக்காது.

வாசல் கல்லில் பெயர் மட்டும் போதும். புகைப்படம் கிடையாது, ஐயா. படம் எடுக்க நிற்கச் சொன்னால் பெரியநாயகி ஓடிப் போய்ப் படகுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள்.