கதவோரத்து நாற்காலி

ஆமா மேடம், கதவோரத்துல கெடக்கே, அது என்னோட நாற்காலிதான். நான் துணைக்கு இருக்க வேண்டிய அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காராம, அங்க உக்காந்து வேடிக்கை பாக்குறேன்னு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த உங்ககிட்ட டீச்சர் எழுதிக் குடுத்துட்டாங்களாக்கும்? எழுதட்டும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இங்க எனக்குப் பேரே கிடையாது. டீச்சர்னும் கூப்பிட மாட்டாங்க, ஆயான்னும் கூப்பிட மாட்டாங்க. ஏம்மா, இந்தாம்மா, அவ்ளோதான். காலைல மூணு மணி நேர வேலை. படிக்க வராத பிள்ளைக்குத் துணையா உக்காரணும். நடுவுல ஜெராக்ஸ் எடுக்கணும், எந்தப் பிள்ளையாவது வாந்தி எடுத்தா தொடைக்கணும், பென்சில் சீவணும். டிகிரி படிச்சவ மேடம் நான். சிரிக்காதீங்க, பென்சில் சீவுறதுல கைராசிக்காரின்னு பேர் எடுத்துட்டேன்.

ஏன் வந்தேன்னா, டீச்சர் ட்ரெயினிங்ல சேரணும்னா வகுப்புல ஒரு வருஷம் வேலை பாத்ததுக்கு சர்டிபிகேட் கேக்குறாங்க. பத்து மாசம் ஓட்டிட்டேன். வீட்டுக்காரர் தினமும் கேக்குறார், டீச்சரம்மா எப்போ ஆவீங்கன்னு. கேலியா ஆசையான்னே புரியல.

நாற்காலிக்குத்தான் வர்றேன், இருங்க. முதல்ல ஒட்டித்தான் உக்காந்தேன். படிக்கும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாக்கும். நான் தலையாட்டினாத்தான் அடுத்த வார்த்தை. என்ன பண்றது? வாரத்துக்கு ஒரு டைல்ஸ் நாற்காலியத் தள்ளிப் போட்டேன், அதுக்கே தெரியாம. பதினோரு டைல்ஸ் மேடம். இதுக்கு மேல போனா வராண்டாதான். இது வேலை இல்லையாம், சும்மா உக்காந்திருக்கேனாம்!

உங்க கையில இருக்குற அந்தத் தாள்ல, பொண்ணுக்குத் துணை இன்னும் தேவையான்னு கேட்டிருக்குல்ல? தெரியும். வேண்டாம்னு போட்டா நாளைலேர்ந்து நான் வர வேண்டியதில்ல. பத்து மாசமும் வீண். தேவைன்னு போட்டா, அந்தப் பொண்ணு அடுத்த வருஷமும் தனி பெஞ்சுல, இதே பாடத்தோட கெடக்கும்.

இல்ல மேடம், எனக்காகப் பரிதாபப்பட்டு எதுவும் போட வேணாம். வேண்டாம்னே போடுங்க. போன செவ்வாய்க்கிழமை ஒரு பக்கம் முழுசும் தானாப் படிச்சிடுச்சு. டீச்சர் அப்போ போன்ல இருந்தாங்க, கவனிக்கல. நானும் யார்கிட்டயும் சொல்லல. சர்டிபிகேட்ட நெனச்சு ஒரு வாரமா வாயத் திறக்கல மேடம்.