தலைவர் வண்டி

…இல்ல, நீங்களே சொல்லுங்க தம்பி. இஞ்சினையே இறக்கி, பிரிச்சு மேஞ்சு, திரும்ப பூட்டி, நேத்துதான் வண்டியக் குடுத்தான். இன்னிக்கு காலைல சிக்னல்ல நிக்கறேன், முன்னாடி புஸ்ஸுனு புகை! புகை கூட இல்ல, ஆவி. எனக்கும் அந்த மெக்கானிக்குக்கும் என்ன ஜென்மப் பகைன்னு கேக்கறேன்… ஐயோ, பாத்து பாத்து! முழங்கைய அதுமேல ஊணாதீங்க. பேப்பர் சுத்தியிருக்கு, ஆனா உள்ள பெயிண்டு. இந்த ஓரம் உங்க மடியில இருக்கட்டும், அந்த ஓரம் என் மடியில. அப்படித்தான். தொந்தரவா இல்லையே? இல்லாம என்ன, இருக்கத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க, ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்கிடுவேன்.

பேத்தி பொறந்திருக்கா தம்பி. ஆமா, முதல் பேத்தி. மத்தியானம் டிஸ்சார்ஜ். என் வண்டிலதான் கூட்டிட்டு வருவேன்னு கண்டவங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். பின்சீட்ட சோப்புப் போட்டுக் கழுவி, பூப்போட்ட துண்டு விரிச்சு, குழந்தை முகத்துல வெயில் படக்கூடாதுன்னு கண்ணாடிக்கு திரை தச்சு மாட்டினேன். நானே தச்சேன்! அந்த வண்டி இப்ப ஒர்க்ஷாப்புல கெடக்கு, தாத்தா பஸ்ல போறாரு. போய் என்னன்னு சொல்றது? பொண்ணு ஏற்கனவே, "அப்பா, உங்க வண்டி மட்டும் வேணாம், நாங்க டாக்ஸி புடிச்சுக்கறோம்"னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டா. கெஞ்சிக் கூத்தாடி அவ சம்மதத்த வாங்கினதே பெரும்பாடு.

எத்தன மெக்கானிக்குங்கறீங்க! முதல்ல ஒருத்தன், ரேடியேட்டர் போச்சு சார்னான். சரி, மாத்துன்னேன். மாத்தினான். ஓட்டிப் பாத்துட்டு, "ஐஸ் மாதிரி இருக்கு சார்"னு சாவியக் குடுத்தான். வீட்டுக்குக் கொண்டு வந்து, எல்லாத்தையும் பழையபடி மாட்டி, மறுநாள் கெளம்பினா கொதிக்குது. அடுத்தவன் தண்ணி பம்பு சரியில்லன்னான். மாத்து! அவனும் ஊரெல்லாம் ஓட்டிப் பாத்தான், நல்லாத்தான் ஓடுச்சு. என் கைக்கு வந்ததும் கொதிக்குது. மூணாவது ஆளு நேரா இஞ்சின்லயே கைய வச்சுட்டான். வீட்டுக்காரி வாயக் கட்டி வயித்தக் கட்டி சேத்து வச்ச பணம் தம்பி, பேத்திக்குன்னு. அத்தனையும் அந்த இஞ்சின் முழுங்கிடுச்சு. இவனுங்க கைல ஓடுது, என் கைல ஓடல. அப்ப என்ன அர்த்தம்? வேணும்னே ஏதோ பண்ணி அனுப்பறானுங்க. எல்லாம் கூட்டுக் களவாணிங்க!

என்ன பாக்கறீங்க? இதுவா? சொல்லலையா நானு? போர்டு தம்பி. வண்டி முன்னாடி மாட்டற போர்டு. பிரிச்சுக் காட்டறேன் இருங்க… பாத்தீங்களா! "தலைவர், குடியிருப்போர் நலச் சங்கம்." சிவப்புல தங்க எழுத்து. நாந்தான் அது. ஆளப் பாத்தா தெரியலையா? வண்டியோட மூஞ்சி எவ்ளோ அகலமோ, போர்டும் அவ்ளோ அகலம். பெயிண்டர் சின்னதா போதும் சார்னான். சின்னதாப் போட்டா எவன் கண்ணுக்குய்யா தெரியும்னு கேட்டேன்.

எப்படி தலைவரானீங்கன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். கூட்டம் நடந்துட்டு இருக்கப்ப ஒரு போன் வந்துச்சு, பேச வெளிய போனேன். திரும்பி வந்தா எல்லாரும் கை தட்டறாங்க. ஏகமனதா என்னத் தேர்ந்தெடுத்துட்டாங்க! தண்ணித் தொட்டி கழுவ வைக்கறது, லிஃப்ட் நின்னா ஆளக் கூப்பிடறது, எல்லாம் என் பொறுப்பு. "உங்க தலைல கட்டிட்டாங்க"ன்னா வீட்டுக்காரி. அவளுக்கு பொது வாழ்க்கையப் பத்தி என்ன தெரியும்? ஆனா ஒண்ணு தம்பி. அத்தன வருஷம் ஆபீஸ்ல வேலை பாத்தேன், ஒருத்தன் என்னப் பாத்து எழுந்து நின்னதில்ல. இந்த போர்ட மாட்டின அன்னிக்கு வாட்ச்மேன் சல்யூட் அடிச்சான். எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு.

அதனாலதான் பாருங்க, வண்டி எங்க நின்னாலும் மொதல்ல ஸ்க்ரூ டிரைவர எடுத்து போர்டக் கழட்டிடுவேன். பின்ன? தலைவர் வண்டியக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போறான்னு நாலு பேரு பாத்தா என் மானம் என்னாகறது? ஒரு மெக்கானிக் கண்ணுல கூட இத நான் காட்டினதில்ல. வண்டி சரியாகி வந்தப்பறந்தான் திரும்ப மாட்டுவேன்.

வெயில் உங்க மேல அடிக்குது போல. இருங்க, இத இப்படி ஜன்னல்ல நிறுத்தி வச்சுடலாம். எழுத்து வெளிப்பக்கமா… ஆங்! உங்களுக்கும் நிழலாச்சு, ரோட்டுல போறவங்களுக்கும் தெரியும். பஸ்ல போனாலும் தலைவர் தலைவர்தான!

எங்க விட்டேன்? பொண்ணு. வலி எடுத்த அன்னிக்கு நாந்தான் வண்டிய எடுத்தேன். மாப்பிள்ளை டாக்ஸி கூப்பிடறேன்னாரு. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப டாக்ஸி எதுக்குன்னு அதட்டிட்டேன். பாலத்து மேல ஏறறப்ப நின்னுடுச்சு தம்பி. பின்னாடி அவ அம்மா கையப் புடிச்சுகிட்டு கத்தறா. நான் பானெட்டத் தொறந்து வச்சுகிட்டு திருதிருன்னு முழிக்கறேன். கடைசில சலவைக்கடை வேன் ஒண்ணு நிறுத்தினாங்க. அழுக்குத் துணி மூட்டைங்க நடுவுல ஏறிப் போனா என் பொண்ணு. ஏறறப்ப என்ன ஒரு பார்வை பாத்தா. திட்டியிருந்தா கூட தேவலை.

வேன் போனதும் மொதல்ல போர்டக் கழட்டினேன், அது வேற விஷயம். அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டால வச்சு மாப்பிள்ளை என்ன சொன்னாரு தெரியுமா? "மாமா, அந்த போர்ட எடுத்துடுங்க, அதான் கோளாறு"ங்கறாரு! அவரு துணிக்கடைல பில்லு போடறவரு. இஞ்சினப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? பொறாமைங்க! மாமனாரு தலைவராயிட்டாரேன்னு வயித்தெரிச்சல். அன்னிலேர்ந்து அவர்கிட்ட முகம் குடுத்தே நான் பேசறதில்ல.

உஸ்ஸ்… என்ன திடீர்னு இப்படி புழுங்குது? சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. உங்களுக்கும் வேர்த்து ஊத்துதே. பஸ்ஸு ஓடிட்டுதான இருக்கு? …இருங்க, போன் அடிக்குது. ஹலோ… ஆங், சொல்லுய்யா… என்னது, ஒண்ணுமே இல்லையா? தண்ணி மட்டும் ஊத்தினியா? ஏத்தத்துல ஓட்டிப் பாத்தியா?… ஐஸ் மாதிரியா? போன வைய்யா! கேட்டீங்களா தம்பி, மறுபடி அதே பாட்டு. அவன் கைல ஐஸு, என் கைல நெருப்பு! இதுக்கு என்னதான்…

ஏங்க, ஏங்க, எதுக்கு போர்ட எறக்கறீங்க? வெளிய தெரிய வேணாமா… ம்ம். அப்பாடா. நல்ல காத்து. ஜில்லுனு…

தம்பி. அத இன்னொரு தடவ ஜன்னல்ல வைங்க. …எடுங்க. …வைங்க. …இப்ப எடுங்க.

ஐயய்யோ.

வண்டியோட மூஞ்சி அகலம்னு சொன்னேன்ல? ரேடியேட்டருக்கு முன்னாடிதான மாட்டியிருந்தேன்… காத்து போற வழிய மொத்தமா அடச்சு வச்சுட்டு… மெக்கானிக்குக்கு எப்படித் தெரியும்? நாந்தான் கண்ணுலயே காட்டலையே! பாவம், அவனுங்களப் போய் களவாணிங்கன்னுட்டேன். மாப்பிள்ளை சொன்னாரே. புரியற மாதிரி, பொறுமையா சொன்னாரே மனுஷன். பாலத்து மேல என் பொண்ணத் துடிக்க விட்டது வேற எவனும் இல்ல தம்பி, நாந்தான். ஒரு சல்யூட்டுக்காக. இந்த தகரத்துக்காக.

ஏன் தம்பி… பின்னாடி மாட்டினா? டிக்கிக்கு காத்து வேணாம்ல? …அப்படிப் பாக்காதீங்க. என் பொண்ணு பாத்த மாதிரியே பாக்கறீங்க. சரி, சரி. வேணாம்.

ஹலோ… மாப்பிள்ளை? நாந்தான். ஆமா, நானேதான் பேசறேன். டாக்ஸிக்கு சொல்லிட்டீங்களா? …சொல்லாதீங்க. கொஞ்ச நேரம் பொறுங்க, வண்டிய எடுத்துட்டு வந்துடறேன். …கொதிக்காது மாப்பிள்ளை. நீங்க சொன்னீங்கல்ல, அத எடுத்துட்டேன். …ஆமா, எடுத்துட்டேன். …அவ என்ன சொல்றா? …சிரிக்கறாளா? நெஜமாவா?

கண்டக்டர்! நிறுத்துங்க, நிறுத்துங்க, எறங்கணும்! ஆஸ்பத்திரி இல்லய்யா, ஒர்க்ஷாப்புக்குத் திரும்பிப் போகணும். கால கொஞ்சம் ஒதுக்குங்க தம்பி. ரொம்ப புண்ணியமாப் போச்சு உங்களுக்கு. வரேன்!

…என்ன தம்பி, ஜன்னல்ல தலைய நீட்டிக் கத்தறீங்க? போர்டா? உங்க மடியிலயே இருக்கட்டும்! வச்சுக்கோங்க! இனிமே நீங்கதான் தலைவரு! தண்ணித் தொட்டிய மட்டும் மறந்துடாம கழுவச் சொல்லுங்க!