நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம்

கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடையில் இருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்:

“நேத்து அவனை நல்ல தண்ணியில அஞ்சு நிமிஷம் முக்கி வெச்சிட்டேன் லா.”

“யாரைடி?”

“என் ஏஞ்சல் மீனைத்தான். கடல் மீனாச்சே, செத்துடுமோன்னு பயந்துக்கிட்டேதான் செஞ்சேன்.”

“அப்புறம் ஏன் செஞ்ச?”

“கடைக்காரரு வெள்ளைப்புள்ளி நோய்னு மருந்து குடுத்தாரு. அதுக்கு நோயி கேக்கல, இவனோட ஜோடி மீனு செத்துப்போச்சு. இவனும் கல்லுல உரசிக்கிட்டே இருந்தான், கண்ணு மங்கிப்போச்சு. எனக்கு தோல்ல ஒட்டிக்கிட்டு அரிக்கிற ஒட்டுப்பூச்சியா இருக்குமோன்னு தோணுச்சு. கடல் பூச்சி உப்பில்லாத நல்ல தண்ணியைத் தாங்காது. கண்ணுக்கே தெரியாம ஒட்டியிருந்ததுங்க வெள்ளையாகி, எள்ளு மாதிரி பொலபொலன்னு உதிர்ந்துச்சு!”

“ஐயோ! மீனு?”

“உப்புத் தண்ணியில திரும்ப விட்டதும் ஒரு மணி நேரம் சாஞ்சே கெடந்தான். நான் தொட்டியை விட்டு நகரவே இல்ல. இன்னிக்குக் காலையில எறா நீட்டினேன். வெரலையும் சேத்துக் கடிச்சிட்டான்டி!”

அவள் விரலை உயர்த்திக் காட்டினாள். தோழியோடு, எதிர் வரிசையில் இருந்த இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.