உள்ளங்கால் வைத்தியம்

தீபாவளி லீவில் பனியன் கம்பெனிகள் மூடியிருந்ததால், சோமனூரிலிருந்து திருப்பூர் போகும் காலை பஸ்ஸில் கூட்டமில்லை. எனக்கு முன் சீட்டில் இருந்த பெரியவர், பக்கத்தில் மப்ளரால் காதை மூடி உட்கார்ந்திருந்தவரிடம் யாரும் கேட்காமலே சொன்னார்:

"குளுரு காதுல ஏறாதுங்க. உள்ளங்கால்லதான் ஏறும்."

"அப்படீங்களா?"

"தீவாளி லீவுக்கு வருசாவருசம் குடும்பத்தோட கொடைக்கானல் போவோமுங்க. தேங்காயெண்ணெயில பூண்டு தட்டிப் போட்டுக் காச்சி, படுக்கறப்போ எல்லாருக்கும் உள்ளங்கால்ல நானேதான் தேச்சுவுடுவேன். மேல பனியன் துணியைச் சுத்திருவேன். ரூமெல்லாம் நாத்தம்னு லாட்ஜ்காரன் சத்தம் போடுவான். ஆனா எங்கூட வந்ததுல ஒருத்தரும் தும்முனதில்லீங்க."

சொல்லி முடித்ததும் அவரே தொடர்ந்து நான்கு முறை தும்மினார். அவர் மடியில் மருந்துக்கடைக் கவர் இருந்தது. மப்ளர்காரர் அதைப் பார்த்தார்.

"வைத்தியத்து மேல தப்பில்லீங்க. இப்பக் குனிஞ்சா என்ற கால் எனக்கு எட்டமாட்டீங்குது."

"ஊட்டுல ஆரையாச்சும் தேச்சுவுடச் சொல்றதுங்க?"

"எல்லாரும் நேத்தே கொடைக்கானல் போயிட்டாங்க. எண்ணெய் பாட்டிலை மறந்துருவாங்கன்னு நாந்தானுங்க பையில வெச்சுவுட்டேன்."