ஒரு வரித் திருத்தம்

உங்கள் அறைக் கதவில் 'அனுமதியின்றி நுளையக் கூடாது' என்று எழுதியிருக்கிறது, ஐயா. ழகரம் வர வேண்டிய இடத்தில் ளகரம். குறை சொல்வதாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. பத்திரிகையில் கவிதைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவன் நான். காலையில் ஓர் எழுத்துப் பிழையைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலக வரவேற்பறையில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தை ஒரு பெண்மணி கழற்றித் தரையில் அடித்து உடைத்தார் என்று எங்கள் காவலாளி உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்மணி என் தங்கை. ஏன் உடைத்தாய் என்று நீங்கள் எவ்வளவு கேட்டும் அவள் வாய் திறக்கவில்லையாம். திறக்க மாட்டாள். அவளுக்காக நான் சொல்கிறேன். அந்தச் சட்டத்துக்குள் இருந்தது நான் எழுதிய கவிதை.

எல்லையில் சண்டை தொடங்கிய வாரமே எங்கள் ஆசிரியர் கவிதையை உள்பக்கத்திலிருந்து எடுத்து முதல் பக்கத்தில் போடச் சொன்னார். அதுவரை என் பக்கத்தை யாரும் சீந்தியதில்லை. பழம் பொட்டலம் கட்டுவதற்குத்தான் அது பயன்பட்டது. திடீரென்று மூட்டை மூட்டையாகக் கவிதைகள் வந்து குவிந்தன. அத்தனையும் கழுத்தறுப்பு. எங்கள் ஊர்க் கவிஞர் ஒருவர் இருக்கிறார், எதை எழுதினாலும் 'வேங்கையே, புறப்படு' என்றுதான் தொடங்குவார். அலுவலகத்தில் அவருக்கு வேங்கையார் என்றே பெயர். வேங்கை, சிங்கம், இடி, எரிமலை என்று அரைத்த மாவையே அரைத்து அனுப்புவார். அதைப் படித்துவிட்டு எவனாவது நாற்காலியை விட்டு எழுந்திருப்பானா? கொட்டாவிதான் விடுவான்.

நான் கரடியாய்க் கத்தினேன். போர்க் கவிதையில் போர் வரக் கூடாது. ரத்தம் கூடவே கூடாது. ரத்தத்தைப் பார்த்தால் மனிதன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வாசலில் கிடக்கிற ஒரு ஜோடிச் செருப்பைக் காட்டுங்கள், போதும், தொண்டை தானாக அடைக்கும். 'நாங்கள் வெல்வோம்' என்று எழுதினால் படிக்கிறவன் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பான். 'நாம்' என்று எழுதுங்கள். அவனை ஒரு வார்த்தை கேட்காமலே உள்ளே இழுத்துவிடலாம். அப்புறம் அவன் வெளியேற வேண்டுமென்றால் நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இந்தச் சின்ன விஷயம் யார் மண்டையிலும் ஏறவில்லை. வெறுத்துப்போய், நானே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் தங்கை வீட்டுப் பெரியவன் இறந்த செய்தி வந்தது.

தங்கைக்கு இரண்டு பையன்கள். மாப்பிள்ளை போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்து இருவரையும் வளர்த்தாள். பெரியவன் சண்டை வருவதற்கு முன்பே பட்டாளத்தில் சேர்ந்தவன். சின்னவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். என் மகனுடைய வகுப்புதான். கை ஓயாமல் எதையாவது பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்க்கிற பையன். யாராவது குரலை உயர்த்திப் பேசினால் அடுத்த அறைக்குப் போய்விடுவான்.

நான் போனபோது அவள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெரியவன் விடுமுறைக்கு வந்தபோது விட்டுப் போன சட்டை மடியில் கிடந்தது. அதில் மேல் பொத்தான் இல்லை. அவன் அடுத்த முறை வருவதற்குள் தைத்துவைக்க வேண்டும் என்று வைத்திருந்தாளாம். அப்போதும் அதைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, சின்னவன் இருந்த அறைப் பக்கம் பார்த்துச் சொன்னாள்:

"ஒருத்தனாவது மிச்சம் இருக்கானே அண்ணா."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. துக்கத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். துக்கமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அவன் என் தோளில் வளர்ந்தவன். ஆனால் சிலிர்த்தது அந்த வரியால். இத்தனை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடியது, ஒரு தையல் மிஷின் பக்கத்திலிருந்து சாதாரணமாக வந்து விழுகிறது. வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு தாய் பேசுவது போன்ற கவிதை. முடிவு இப்படி இருந்தது:

பொத்தான் தைத்த சட்டை
பெட்டியில் காத்திருக்கிறது.
போட்டுக்கொள்ள இந்த வீட்டில்
இன்னும் ஒருவன் மிச்சம் இருக்கிறான்.
வாசலில் நின்று தடுத்தேன் என்றால்
தடுப்பது கண்ணீர், நான் அல்ல.

அவள் சொன்னதில் நான் பெரிதாக எதையும் மாற்றவில்லை. 'ஆவது' என்பதை எடுத்தேன். கடைசியில் இழுத்த ஏகாரத்தை எடுத்தேன். முன்னால் ஓர் 'இன்னும்' சேர்த்தேன். எந்தத் துணையாசிரியரும் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற வேலை. அவள் சொன்னபோது மிச்சம் என்றால் எனக்கென்று எஞ்சியது என்று பொருள். நான் எழுதியபோது கொடுப்பதற்கு எஞ்சியது என்று ஆயிற்று. சொல் அதே சொல்தான், ஐயா.

கவிதைக்கு மேலே பெரியவனின் படத்தைப் போட்டு, 'இவன் தாய் சொன்னது' என்று ஆசிரியர் தலைப்புக் கொடுத்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கவிதை வெளிவந்த அன்று காலை அலுவலகத்துக்கு வருகிற வழியில், பஸ்ஸில் நின்றுகொண்டு படித்த ஒரு பெரிய மனிதர் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்தேன். ஆளெடுப்பு முகாமில் வரிசை தெருமுனை வரை நின்றது என்று நிருபர் வந்து சொன்னார். கவிதையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட ஆசிரியர் உத்தரவிட்டது அன்றைக்குத்தான். வேங்கையார் கூட வந்து கை குலுக்கிவிட்டுப் போனார், முகத்தில் ஈயாடவில்லை.

ஊரில் எல்லோருக்கும் அந்த 'இன்னும் ஒருவன்' யார் என்று தெரியும். யாரும் அவனைப் போ என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஜனம் இல்லை இது. கல்லூரி முதல்வர் எல்லார் முன்னாலும் அவன் தோளைத் தட்டினார். முடிவெட்டுகிறவர், "தம்பி, எப்ப கிளம்புறீங்க? ஒட்ட வெட்டிடவா?" என்று அன்போடு கேட்டார். எதிர்வீட்டுக்காரர் அவனைப் பார்த்து எழுந்து நின்றார். ஒரு பையன் எத்தனை பேருடைய அன்பைத் தாங்குவான்?

என்னிடம் வந்தான். அலுவலகப் படிக்கட்டில் நின்றபடியே கேட்டான்.

"மாமா, அம்மா நெஜமாவே அப்படிச் சொன்னாங்களா?"

"சொன்னா."

"மிச்சம்னே சொன்னாங்களா?"

"அதே வார்த்தைதான்டா. நானா சேர்த்து எழுதுவேனா?"

தலையை ஆட்டிவிட்டுப் போனான். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வீட்டில் அவள் அவனிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவே இல்லை, நீ போகக் கூடாது என்று வாசலை மறித்து நின்று அழுதாள். என்ன பிரயோஜனம்? அழுவாள், தடுப்பாள், அதை நம்பாதே என்றுதான் கவிதையே சொல்லிவிட்டதே. அந்தக் கடைசி இரண்டு வரியை நான் ஓசைக்காகச் சேர்க்கவில்லை. படிக்கிறவன் எந்தக் கதவு வழியாகத் தப்பிப்பான் என்று யோசித்தேன். அம்மா அழுவாள் என்கிற கதவுதான் திறந்திருந்தது. அதைச் சாத்தினேன். வேலையைத் திருத்தமாகச் செய்கிறவன் அப்படித்தான் செய்வான்.

மறுநாள் மதியம் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, நாளன்னைக்குக் கிளம்புறேங்கறான். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறான். பேப்பர்ல வந்ததத்தான் நம்புறான். அதனால பேப்பர்லயே போடு. நான் அப்படிச் சொல்லலன்னு ஒரு வரி."

"நீ சொன்னதுதானம்மா?"

"நான் சொன்னது என்னன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு வரிண்ணா. அதக் காட்டி அவன நிறுத்திடுவேன். ஊரு என்னைக் காறித் துப்பட்டும், பரவால்ல."

போடுகிறேன் என்றேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள், செய்தேன். ஆசிரியரிடம் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன் பக்கம், உன் தங்கச்சி. நீயே முடிவு பண்ணு," என்றார். ஆகவே அவர் மேல் பழி போட எனக்கு வழியில்லை.

இரண்டாம் பக்கத்தின் அடியில் 'திருத்தம்' என்று ஒரு சின்னக் கட்டம் வரும். அந்தக் கட்டத்தில் என்ன போட்டேன் என்று சொல்கிறேன். வெளியூர்ப் பதிப்பில் என் கவிதையில் ஒரு கொடுமை நடந்திருந்தது. மகரத்தின் மேல் சுழி விழாமல், 'இன்னும் ஒருவன் மச்சம் இருக்கிறான்' என்று அச்சாகியிருந்தது. மச்சம் எங்கே இருக்கிறது, கன்னத்திலா முதுகிலா என்று கேலி செய்து வாசகர்கள் எழுதியிருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. வாழ்நாளில் ஒரே ஒரு நல்ல கவிதை, அதிலும் இப்படி. தங்கை சொன்ன வரியை எழுதித்தான் பார்த்தேன்: 'கவிதையில் உள்ளது தாயின் கருத்து அன்று.' அதைப் படித்துவிட்டு மறுபடி கவிதையைப் படித்தேன். கவிதை சப்பென்று இருந்தது. உயிரில்லை. வேங்கையார் எழுதியது போல இருந்தது.

மறுநாள் காலை கட்டத்தில் இப்படி வந்தது: "முதல் பக்கக் கவிதையில் 'மச்சம்' என்பதை 'மிச்சம்' என்று திருத்தி வாசிக்கவும். பிழைக்கு வருந்துகிறோம்."

இரண்டுக்கும் இடம் போதவில்லை என்று தங்கையிடம் சொன்னேன். அவள் அந்தத் திருத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். இடம் இருந்தது, ஐயா. கட்டத்தின் கீழே ஒரு விரற்கடை வெள்ளையாகவே போயிற்று.

சின்னவன் அந்தத் திருத்தத்தையும் படித்தான். அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அதோடு தீர்ந்தது. திருத்தத்தில் யார் பொய் சொல்வார்கள்? பெரியவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். அது அவனுக்குத் தோளில் தொளதொளவென்று இருந்தது. போன வாரம் அவன் செய்தியும் வந்துவிட்டது. நேற்று அவள் வந்து கண்ணாடியை உடைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

என்னைக் குற்றவாளி என்கிறீர்களா? என் ஆத்திரமெல்லாம் அங்கேதான். நான் யார் கையையும் பிடித்து இழுக்கவில்லை. கவிதை ஒரு காகிதம். படிக்கிறவனுக்குச் சுயபுத்தி என்று ஒன்று இல்லையா? ஆறு வரியைப் படித்துவிட்டு ஒருவன் உயிரைக் கொடுக்கப் போனால், அதற்கு எழுதியவன் என்ன செய்ய முடியும்? பஸ்ஸில் மூக்கை உறிஞ்சிய அந்தப் பெரியவர் இறங்கி ஆபீசுக்குத்தானே போனார்? பிடித்தவர்கள் ரசித்தார்கள், பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பினார்கள். எழுத்துக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது என்று சொல்வதெல்லாம் மேடைப் பேச்சு. எழுதுகிறவனுக்குத் தெரியும், ஒன்றும் கிடையாது.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

என் மகனா? அவன் இங்கே இல்லை. கவிதை அச்சுக்குப் போன அன்று மதியமே அவனைப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லி வெளியூரில் அவன் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே எங்கள் பத்திரிகை வாங்க வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன். அவன் இளகிய மனசுக்காரன், ஐயா. எதைப் படித்தாலும் நம்பிவிடுவான்.