பாலத்தின் அந்தப் பாதி

எங்கள் ஊர்ப் பாலத்தைக் கடக்கக் காசு கேட்க மாட்டார்கள். ஆற்றின் மேலேயும் கீழேயும் இருக்கும் பெரிய பாலங்களில் காருக்குச் சுங்கம் உண்டு. இதில் இல்லை. அதனால் ஊர்க்காரர்கள் இதை இலவசப் பாலம் என்றே சொல்வார்கள். இன்று காலை நீங்களும் அதன் வழியாகத்தான் வந்திருப்பீர்கள். நடைபாதை ஈரமானால் வழுக்கும், போகும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

பாலத்துக் காமிராவில் பதிவானதைப் பார்த்துவிட்டதாகச் சொன்னீர்கள். அப்படியானால் நான் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படத்தில் சத்தம் கிடையாது. ஏன் செய்தேன் என்பதும் அதில் தெரியாது. அதைச் சொல்லத்தான் வக்கீல் வேண்டாம் என்றேன்.

என் பெயர் எல்வின் க்ரௌஸ். நியூ ஜெர்சிக் கரையில், ஃபிலிப்ஸ்பர்க்கில், ஹேவர்லி சலவை ஆலையில் சம்பளமும் வரியும் பார்ப்பவன். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் துவைத்து இஸ்திரி போட்டுத் தருகிறோம். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பெண்கள். ஒருவரை வேலைக்கு வைத்தால் சம்பளத்தோடு முடிந்துவிடாது. அவர் பெயரில் முதலாளி மாநிலத்துக்கு வரி கட்ட வேண்டும். நாளை வேலை போனாலோ நோயில் படுத்தாலோ அவருக்குச் சோறு போடுவது அந்தப் பணம்தான். எங்கள் கரையில் வருடச் சம்பளத்தில் பெரும்பகுதிக்கு இந்த வரி உண்டு. எதிர்க்கரை பென்சில்வேனியா. அங்கே முதல் சில மாதச் சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடும், நோய்க்காக எதுவும் கட்ட வேண்டாம். அதே கைகள், அதே விரிப்பு, நடுவில் ஒரு ஆறு ஓடுவதற்காக இவ்வளவு வித்தியாசம். இதை யோசித்தால் யாருக்கும் வயிறு எரியும்.

முதலாளி ஹேவர்லிக்கு எரிந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எல்வின், அந்தக் கரையில சலவை ஆலை வெச்சிருக்கிறவன் புதுக் கார் வாங்கிட்டான். நான் வரி கட்டிக்கிட்டே சாகணுமா? இந்தப் பொம்பளைங்கள அந்தப் பக்கத்து ஆளா ஆக்க வழியே இல்லையா? இல்லேன்னா சொல்லிடு, ஆலைய மூடிட்டுப் போறேன்."

வேறு கணக்கர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கரையில் ஒரு தபால் பெட்டியை வாடகைக்கு எடுத்து, ஆட்கள் அங்கே வேலை பார்ப்பதாக எழுதிவிடுவார்கள். அது மோசடி. நான் அந்த ரகம் இல்லை. வேலை இரண்டு மாநிலத்திலும் நடந்தால், நாள் எங்கிருந்து தொடங்குகிறதோ அந்த மாநிலத்துக்கே வரி என்று சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. அதனால் ஈஸ்டனில், பாலத்தின் அடுத்த முனையில், மூடிப்போன டயர் கடையின் பின்கட்டைப் பிடித்தேன். நேரம் பதிக்கும் கருவியைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே மாட்டினேன். அழுக்கு மூட்டைகளில் கொஞ்சத்தை அங்கே இறக்கச் சொன்னேன். பெண்கள் காலையில் பாலம் கடந்து போய், அந்தக் கருவியில் வருகை அட்டையை அடித்து, ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, மறுபடி பாலம் கடந்து ஆலைக்கு வர வேண்டும். சாயங்காலம் அட்டை அடிக்க மறுபடி போக வேண்டும். பாதிப் பேருக்கு வீடு ஆலைக்கு எதிர்த் தெருவில். ஆனாலும் எழுதியதை நான் நடக்கவும் வைத்தேன், அது முக்கியம்.

அவர்கள் கேலி செய்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. "பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டீங்களாடி? ஃபாரின் போறோம்" என்பாள் யோலாண்டா. "நம்ம இடுப்பு பெருத்துப் போச்சுன்னு எல்வினுக்குக் கவலை, அதான் நடக்க விடுறான்" என்பாள் ரோண்டா.

ரோண்டா மிஹாலிக். நீங்கள் கேட்க வந்தது அவளைப் பற்றித்தானே. இஸ்திரி உருளையில் அவள்தான் மூத்தவள். பள்ளியில் எனக்கு முன் வரிசையில் உட்காருவாள். ஆலையில் வெள்ளிக்கிழமைதோறும் பன்றியிறைச்சியும் முட்டையும் சீஸும் வைத்த ரொட்டியைப் பாதியாக வெட்டி என் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். "தின்னுடா. உன் மூஞ்சியப் பாத்தா அதுக்கும் யாரோ வரி போட்ட மாதிரி இருக்கு." எனக்கு அவளைப் பிடிக்கும். ஒரு காலத்தில் அதற்கு மேலேயும் பிடித்திருந்தது. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

போன இலையுதிர் காலத்தில் அவள் என் அறைக்கு வந்தாள். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டதாம். அறுவை சிகிச்சை, பிறகு இரண்டு மாதம் படுக்கை.

"கவர்மென்ட்ல நோய்க்காசு குடுப்பாங்கல்ல? என் தங்கச்சி வாங்கினா. அந்த ஃபாரத்துல நீ கையெழுத்துப் போடணுமாம்."

"உன் தங்கச்சி இந்தக் கரை ஆளு, ரோண்டா. நீ பென்சில்வேனியா. அங்க அது கிடையாது."

அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். அங்கிருந்து அவள் வீட்டு வாசல் தெரியும்.

"நான் எப்படா பென்சில்வேனியாவுக்குக் குடி போனேன்?"

"குடி போகல. உன் வேலை அங்கேர்ந்து தொடங்குது."

"நான் இஸ்திரி போடுறது இங்க. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த மூட்டை நாடகத்த விட்டுட்டு உள்ளத உள்ளபடி எழுதிக் குடு. வேற ஒண்ணும் கேக்கல."

"எழுதினா எல்லார் பேர்லயும் பழைய வரியக் கட்டுன்னு வருவாங்க. ஆலை தாங்காது."

"நான் தாங்குவேனா?"

அவள் தனியாக இருப்பவள், சம்பளம் நின்றால் வாடகை நிற்கும். வசந்தத்தில் வருமான வரியில் பிடித்தது திரும்ப வரும், அதை வைத்துக்கொண்டு படுத்துக்கொள்ளலாம் என்று சிகிச்சையைத் தள்ளிப்போட்டாள். அது அவள் எடுத்த முடிவு.

குளிர் ஏறியதும் இன்னொன்று கேட்டாள். பாலத்தில் மூச்சு வாங்குகிறது, அட்டையை யோலாண்டா அடிக்கட்டும், நான் நேரே ஆலைக்கு வந்துவிடுகிறேன் என்றாள். முடியாது என்றேன். ஒருவர் அட்டையை இன்னொருவர் அடிப்பது பொய்க் கணக்கு. மூட்டை வேண்டுமானால் சின்னதாக எடுத்துக்கொள் என்றேன். அந்த அளவுக்கு நான் இறங்கி வந்தேன்.

அது பிப்ரவரி. ராத்திரி பெய்த மழை பாலத்தில் உறைந்து கிடந்தது. மற்ற பெண்கள் போய்த் திரும்பி உருளையைச் சூடாக்கிவிட்டார்கள். ரோண்டா நின்று நின்று போவதால் எப்போதும் பின்தங்குவாள். என் மேசையிலிருந்து பாலம் முழுக்கத் தெரியும். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்துவிட்டாள். நான் கோட்டுகூட எடுக்காமல் ஓடினேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாலத்தின் நடுவில் ஒரு பலகை இருக்கிறது. அதன் ஒரு பக்கம் நியூ ஜெர்சி, மறுபக்கம் பென்சில்வேனியா. அவள் பலகைக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் பாதியில் கிடந்தாள். எங்கள் பக்கத்துப் பால முனையில் ஆம்புலன்ஸ் கொட்டகை. கதவு திறந்திருந்தது. வாசலில் ஒருவன் பனி உருக உப்புத் தூவிக்கொண்டிருந்தான். நான் கத்தியிருந்தால் கேட்டிருக்கும்.

எனக்கு அப்போது தோன்றியது இதுதான். இங்கே கிடந்தால் எங்கள் மாநில ஆம்புலன்ஸ் வரும், எங்கள் மாநிலப் போலீஸ் வரும். எங்கே போய்க்கொண்டிருந்தாள் என்று கேட்பார்கள். அட்டை அடிக்க என்றால், வேலை எங்கே என்பார்கள். அதோ, பின்னால் புகை வருகிறதே, அங்கே என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அவிழ்ந்துவிடும். பலகைக்கு அந்தப் பக்கம் கிடந்தால், காகிதத்தில் அவள் எங்கே இருக்கிறாளோ அங்கேயே கிடப்பாள்.

தூக்கி உட்கார வைக்கப் பார்த்தேன் என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். அது உண்மை இல்லை. கக்கத்தில் கைகொடுத்து இழுத்தேன். பனிக்கட்டியில் சுலபமாகவே வந்தாள். பலகையைத் தாண்டியதும் கீழே விட்டுவிட்டு ஈஸ்டன் ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் போன் போட்டேன். டயர் கடைக்காக அந்த எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். வண்டி ஊரின் மறுகோடிக்குப் போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்றேன்.

படத்தில் சத்தம் இல்லை என்றேனே. விழுந்ததுமே நினைவு போயிருக்கும் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். போகவில்லை. இழுக்கும்போது அவள் பேசினாள்.

"எங்கடா இழுக்குற? ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம்டா எல்வின். அதோ, கதவு தெறந்திருக்கு. கூப்பிடுடா."

தெளிவாகத்தான் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வந்துடுவாங்க என்றேன். அவள் தலையைத் திருப்பி மேலே இருந்த பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இப்ப சரியா இருக்கேனாடா?"

சரியா இருக்கே என்றேன். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. வண்டி வந்தபோது அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.

அந்தப் பாலம் எந்த மாநிலத்துக்கும் தனியாகச் சொந்தமில்லை. இரண்டும் சேர்ந்து ஓர் ஆணையம் வைத்திருக்கின்றன. விபத்தை எழுதிக்கொள்ள அவர்கள் ஆள்தான் வந்தான், சின்னப் பையன். நடந்த இடம் என்று கேட்டிருந்த கட்டத்தில் பாலம் என்று எழுதினான். எந்தப் பாதி என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "அதெல்லாம் தேவையில்ல சார்" என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

நான் டயர் கடைக்குப் போய் அவள் அட்டையை அடித்தேன். அடுத்தவர் அட்டையை அடிக்கக் கூடாதுதான். ஆனால் பாதி வழி அவள் நடந்து வந்திருந்தாள், மீதியை அவளுக்காக நான் நடந்தேன். நான் ஈரமில்லாதவன் என்று யோலாண்டா உங்களிடம் சொல்லியிருப்பாள். அன்றைக்கு ரோண்டாவுக்கு முழு நாள் சம்பளம் போட்டேன், ஒரு காசு குறைக்கவில்லை. பென்சில்வேனியாக் கணக்கில்தான் போட்டேன்.