திருச்சுழி பஸ்ஸில் ஆத்ம விசாரம்

கார்த்திகை மாதம். அருப்புக்கோட்டையில் கிளம்பிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர். அவருக்கு இந்தப் பக்கம் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக ஓர் ஐயப்ப பக்தர். நடுவில் ஜிப்பாக்காரரின் பை.

“மாலை, இருமுடி, மலையேத்தமெல்லாம் ஒண்ணாங்கிளாஸுப் பாடங்க. ‘நான் யார்’ங்கிற ஒரே கேள்விதான் எனக்கு. பன்னெண்டு வருசமா உள்ளுக்குள்ள கேட்டுக்கிட்டே இருக்கேன். ‘நான்’ங்கிறது முக்கால்வாசி கரைஞ்சிருச்சு” என்றார் ஜிப்பாக்காரர்.

“எனக்கு அம்புட்டு ஞானமில்ல சாமி. மாலை போட்டா பாக்குறவுக எல்லாரையும் சாமின்னு கூப்பிடணும். அதுலயே கரைஞ்சிரும்.”

“வாயால கூப்பிட்டா ஆச்சா?”

கூட்டத்தில் நீந்திக்கொண்டு கண்டக்டர் வந்தார். “பெருசு, பைய மடியில வையி. ஆளு உக்காரணும்ல.”

ஜிப்பாக்காரர் எழுந்தே விட்டார். “யாரப் பாத்துய்யா பெருசுங்கிற? நான் யாருன்னு தெரியுமா?”

“அவருக்கு எப்பிடிச் சாமி தெரியும்?” என்றார் மாலைக்காரர். “பன்னெண்டு வருசமா உங்களுக்கே பிடிபடலையே!”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜிப்பாக்காரர் முறைத்தார். கொஞ்ச தூரம் போனதும் அவரும் சிரித்துவிட்டு, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கரைஞ்சது பூரா ஒரே வார்த்தையில திரும்பி வந்துருச்சுங்க.”

“என் கதை இதவிட மோசம் சாமி. போன வருசம் மாலையக் கழட்டுன மறுநாளு, இதே கண்டக்டரு சட்டையத்தான் பிடிச்சேன்.”